தையற்காரன் வேலை

சென்ற மாதம் மதுரையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு விமர்சனக் கூட்டம் நடந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். பேசிய விமர்சகர் நான் மதிப்பவர், நிறைய வாசித்தவர், எவருக்கும் அஞ்சாமல் கருத்துச் சொல்பவர். கால்மணி நேரம் பேசிவிட்டு முத்தாய்ப்பாக ஒன்று சொன்னார்: "இது கவிஞன் வேலை இல்லை ஐயா, தையற்காரன் வேலை. அங்கே கொஞ்சம் வெட்டி, இங்கே கொஞ்சம் ஒட்டி, அளவு பார்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்." அரங்கு சிரித்தது. கவிஞரும் சிரித்தார், அவரால் வேறென்ன செய்ய முடியும்? நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. என் தந்தை சங்கரன்கோவிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் துணி வெட்டியவர். நான் தமிழ் முதுகலை படித்தது அந்தக் கத்தரி போட்ட சோற்றில்.

ஆகவே இதை ஓர் எதிர்வினை என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தைக்காக மகன் படும் ரோசம் இதில் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்த விமர்சகர் வாய் தவறிப் பேசவில்லை. சிந்திப்பவர் ஒரு வகை, கையால் செய்பவர் வேறொரு வகை என்ற நம்பிக்கை தமிழ் படித்த நம் அனைவருக்குள்ளும் இருக்கிறது. அவர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இந்த நம்பிக்கை தையற்காரரை இழிவுபடுத்துவதோடு நிற்கவில்லை; தமிழுக்கும் கெடுதல் செய்கிறது. இதுவே என் வாதம்.

*

தைப்பதும் வெட்டுவதும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். கடைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியும். தந்தையின் கடையில் நான்கு தையல் இயந்திரங்கள், ஒரு மேசை. இயந்திரத்தில் அமர்ந்தவர்கள் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றார்கள். மேசை முன்னால் நின்றவர் ஒருவரே. அவரைத்தான் கட்டிங் மாஸ்டர் என்பார்கள். தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுப் பிசகினால் துணி போயிற்று.

துணி மேசைக்கு வந்தால் தந்தை நாடாவை எடுக்கமாட்டார். முதலில் துணியைத் தடவிப் பார்ப்பார். பருத்தியானால் நனைத்துக் காயவைத்தாயிற்றா என்று கேட்பார். நனைக்காமல் வெட்டினால் முதல் சலவையில் சட்டை சுருங்கும். பழி கத்தரிக்கு வரும். அடுத்து, பாவு எந்தப் பக்கம், ஊடை எந்தப் பக்கம் என்று இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பார். பாவு நீளவாக்கில் ஓடும், இழுத்தால் இளகாது. ஊடை சற்று இளகும். மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகவே நெகிழும். சட்டையின் உடல் பாவுக்கு நேராக விழ வேண்டும். பிசகினால் துவைக்கத் துவைக்கச் சட்டை ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும். ஆனால் கிராஸ் கட்டிங் ஜாக்கெட்டில் முன்பக்கத்தை வேண்டுமென்றே மூலைவாட்டில் வைத்து வெட்டுகிறார்கள். அந்த நெகிழ்ச்சியினால்தான் அது உடம்போடு படிகிறது. ஓரிடத்தில் குற்றமாவது மற்றோரிடத்தில் குணமாகிறது. யாப்பு படித்தவர்களுக்கு இது புரிய வேண்டும்.

அப்புறம் பன்னா, அதாவது துணியின் அகலம். 58 அங்குலப் பன்னா என்றால் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும். அன்பளிப்புப் பெட்டிகளில் வரும் சட்டைத் துண்டு இந்த அளவுதான். 36 அங்குலப் பன்னா என்றால் இரண்டேகால் மீட்டருக்குக் குறையாது. கட்டம் போட்ட துணியானால் பொத்தான் பட்டியின் இருபுறமும் கட்டம் சேர வேண்டும். பையின் கட்டம் மார்பின் கட்டத்தோடு கலந்து, பை இருப்பதே தெரியாமல் நிற்க வேண்டும். அதற்குத் துணி கூடுதலாகும். பூப்போட்ட துணியில் ஒரு பூவும் தலைகீழாக நிற்கக் கூடாது. வெல்வெட்டில் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் கிடக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அது வேறு நிறமாகத் தெரியும். முதுகு, முன்துண்டுகள், கைகள் என்று பெரியவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, நடுவில் கிடைக்கும் சந்துகளில் காலர், கஃப், பை, பட்டி இவற்றைப் பொருத்த வேண்டும். சாக்பீஸ் துணியில் படுமுன் இவ்வளவும் மனத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். விலையுயர்ந்த துணி வந்தால் தந்தை அதை மேசையில் விரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். சிறுவனாக இருந்தபோது அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

இதெல்லாம் வெறும் சூத்திரந்தானே என்று கேட்கலாம். சூத்திரம் உண்டு. மார்புச் சுற்றளவு 38 அங்குலமென்றால் கால்பங்கு ஒன்பதரை. அதோடு தளர்வுக்கு ஒன்றரை. தையலுக்குத் தனியாகக் கொஞ்சம். பள்ளிச் சிறுவன் போட்டுவிடும் கணக்கு. ஆனால் கடைக்கு வருகிறவர் யாரும் சூத்திரத்தின்படி பிறந்தவரில்லை. மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியவர் வருவார். தறியில் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர் வருவார். வளைந்த முதுகுக்குப் பின்துண்டில் நீளத்தைக் கூட்டி முன்துண்டில் குறைக்க வேண்டும். சூத்திரப்படி வெட்டினால் சட்டை பின்னால் தூக்கிக்கொண்டு முன்னால் தொங்கும். தொந்தி உள்ளவருக்கு முன்துண்டில் நீளம் வேண்டும். அளவெடுக்கும்போது தந்தை நாடாவைவிட ஆளைத்தான் அதிகம் பார்த்தார். பார்த்ததை வாய்விட்டுச் சொன்னதில்லை. வந்தவர் மனம் நோகுமே என்று அளவு நோட்டில் தோள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைப்பார். வலப்பக்கம் புள்ளியென்றால் வலத்தோள் இறக்கம். அது அவருக்கும் கத்தரிக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

வளரும் பையனுக்கு வெட்டினால் கால்சட்டையின் அடி மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விடுவார். மணமாகப் போகும் பெண்ணின் ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்குள் துணி விட்டு, அடுத்தடுத்து மூன்று வரி தையல் போடச் சொல்வார். உடம்பு பெருத்தால் ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்ளலாம். இன்றைய உடம்புக்கு மட்டும் வெட்டுகிறவன் பாதி வேலைக்காரன் என்பது அவர் கட்சி.

*

அவரும் ஒருமுறை தவறினார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். கலியாணப் பட்டுச் சேலையோடு சேர்த்தே நெய்த ஜாக்கெட் துண்டு. சரிகைக் கரை கைகளின் ஓரத்தில் வர வேண்டும். மடித்துப் போட்டு வெட்டத் துணி இடங்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கையையும் தனித்தனியே வெட்ட வேண்டியிருந்தது. கையின் மேல்வளைவு முன்புறம் ஆழமாகவும் பின்புறம் ஆழம் குறைந்தும் இருக்கும். எனவே வலக்கையும் இடக்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்தாற்போல் அமையும். வெட்டிய முதற்கையை மாதிரியாக வைத்து இரண்டாவதை வரைந்தவர், அதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். இரண்டும் இடக்கைகள். சரிகைத் துணிக்கு நல்ல பக்கம் ஒன்றுதான். புரட்டிப் போட வழியில்லை. அந்தத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போய்த் தன் தவற்றைத் தானே சொன்னார். பெண்ணின் தாயார் முதலில் அழுதார். பிறகு, சேலையில் இடுப்புக்குள் செருகும் முனையிலிருந்து கால் மீட்டர் வெட்டிக்கொள்ளச் சம்மதித்தார். தந்தை கூலி வாங்கவில்லை. அதன்பின் கடைசிவரை, எந்தக் கையை வரைந்தாலும் அதில் 'வ', 'இ' என்று எழுதாமல் கத்தரியைத் தொட்டதில்லை.

ஒரு வரி பிசகினால் நாம் அடித்து எழுதுகிறோம். அச்சில் பிசகினால் அடுத்த பதிப்பில் திருத்துகிறோம், அல்லது திருத்தாமல் விட்டுவிடுகிறோம். தவறான விமர்சனம் எழுதிவிட்டேன் என்று சொல்ல எவர் வீட்டு வாசலிலும் நம்மில் யாரும் போய் நின்றதில்லை. இப்படிப்பட்ட நாம் 'தையற்காரன் வேலை' என்ற தொடரை வசையாகப் பயன்படுத்துகிறோம்.

*

மொழி நம்மைவிட விவரம் தெரிந்தது. துணி என்பது பெயராக நின்றால் ஆடை. வினையானால் வெட்டுப்படுவது, முடிவு செய்வது. துணிவும் துணிபும் அதே வேரில் பிறந்தவை. ஆடைக்குப் பழைய பெயர் அறுவை, அதுவும் அறுத்தல்தான். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு சங்கப் புலவர் உண்டு. துணி விற்றவர், பாட்டும் கட்டினார். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசையாகச் சொல்லும்போது துன்னகாரரையும் சொல்கிறது. 'துன்னகாரர் என்போர் யாவர்?' என்று இரண்டு மதிப்பெண் வினாவாக நானே கேட்டிருக்கிறேன். காப்பியத்துக்குள் நிற்கும் தையற்காரருக்கு இரண்டு மதிப்பெண். தெருவில் நிற்கும் தையற்காரருக்குச் சிரிப்பு.

மேற்கிலிருந்து சான்று வந்தால்தான் ஒப்புவேன் என்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. அவர்களுக்காக இதையும் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டுத் தையற்காரர் ஹுவான் டி அல்செகா 1580இல் மாத்ரித் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். எந்த அகலத் துணியில் எந்த ஆடையின் துண்டுகளை எப்படி அடுக்கினால் வீணின்றி வெட்டலாம் என்று படம் படமாக வரைந்து காட்டும் நூல். அதன் தலைப்பிலேயே வடிவக்கணிதம் என்ற சொல்லை வைத்தார். பிரான்சில் அறிவியல் கழகம் தொழில்களை விளக்கி வெளியிட்ட நூல்வரிசையில் 1769இல் கார்சோ எழுதிய தையற்கலை நூலும் இடம்பெற்றது. அன்று அங்குல நாடா இல்லை. நீண்ட காகிதப் பட்டையில் வெட்டுக்குறி இட்டு அளவெடுத்தார்கள், ஆளுக்கொரு பட்டை. லண்டனின் சவைல் ரோ தெருவிலும் வெட்டுபவரும் தைப்பவரும் வேறு வேறு ஆட்கள். அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் காகிதத்தில் வார்ப்பு வரைந்து பெயரெழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். வின்ட்சர் கோமகனுக்குக் கோட்டு வெட்டிய ஃபிரடெரிக் ஷோல்டேயின் பெயர் ஆடை வரலாற்றில் நிற்கிறது. 'பிஸ்போக்' என்ற சொல்லை இயந்திரத்தால் வெட்டிய உடைக்கும் பயன்படுத்தலாமா என்ற வழக்கில் 2008இல் பிரிட்டனின் விளம்பர நெறிமுறை ஆணையம் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. பயன்படுத்தலாம் என்றே தீர்ப்பு. அது சரியா தவறா என்பது கிடக்கட்டும். ஒரு கடைச் சொல்லுக்காக அங்கே வழக்காடினார்கள்.

*

இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் முதுகலை மாணவி ஒருத்தி, இறுதிப் பருவ ஆய்வேட்டுக்குத் 'தையற்கடைத் தொழிற்சொற்கள்' என்ற தலைப்பைக் கொண்டுவந்தாள். அவள் தாயார் வீட்டிலேயே ஜாக்கெட் வெட்டித் தைப்பவர். தலைப்பைக் கொடுக்குமுன்பே இருபது கடைகளுக்குப் போய்ச் சொற்கள் சேர்த்திருந்தாள். துறைக் குழு இரண்டு கேள்விகள் கேட்டது. ஒன்று: இதில் இலக்கியம் எங்கே? இரண்டு: இவற்றில் பாதி தமிழே இல்லையே? அவளுக்காக நான் ஒருமுறை பேசினேன். மறுத்தார்கள். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அவள் கடைசியில் ஒரு நாவலின் பெண் பாத்திரங்களைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினாள். அந்த நாவலின் பெண் பாத்திரங்களைப் பற்றி எங்கள் நூலகத்தில் ஏற்கெனவே ஒன்பது ஆய்வேடுகள் இருந்தன.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன். சொற்களைச் சேகரிப்பது தமிழ்த்துறையின் வேலை இல்லையென்றால் வேறு எந்தத் துறையின் வேலை? கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். அவர் பேராசிரியரான பிறகா அதைச் செய்தார்? பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்தார். அவர்களுடைய கதைகளுக்குப் பரிசு கொடுப்போம், அவர்கள் காட்டிய வழியில் ஒரு மாணவி நடந்தால் தடுப்போம் என்பது என்ன நியாயம்?

பாதி தமிழில்லை என்ற இரண்டாவது கேள்விக்கு இன்னும் எளிய பதில் உண்டு. ஒரு வெட்டு மேசையைச் சுற்றி என்னென்ன சொற்கள் கிடக்கின்றன பாருங்கள். பாவு, ஊடை, ஒட்டு ஆகியவை நம்முடையவை. பொத்தான் போர்த்துகீசியரோடு கப்பலில் வந்தது. கஜமும் பன்னாவும் பாரசீகத்தில் பிறந்து இந்துஸ்தானி வழியாக வந்தவை. காலரும் கஃப்பும் ஆங்கிலேயர் விட்டுப்போனவை. இந்தக் கரைக்கு யார் யார் வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள் என்ற ஐந்நூறு ஆண்டு வரலாறு ஆறடி மேசையில் இருக்கிறது. அதைத் தூய்மை போதவில்லை என்று தள்ளிவிட்டு, வழக்கில் இல்லாத ஒரு கலைச்சொல்லை உருவாக்கி உள்ளறையில் கைதட்டிக்கொள்வதற்குப் பெயர் தமிழ்த்தொண்டா?

*

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை விழுங்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

ஆயத்த ஆடைகள் வந்தது நல்லதே. தீபாவளிக்கு ஒரு சட்டை, அதுவும் கொடுத்த தேதிக்கு வராத சட்டை என்றிருந்த வீடுகளில் இன்று குழந்தைகளுக்கு மாற்றுடை இருக்கிறது. திருப்பூரில் கணினி துண்டுகளை அடுக்கித் தருகிறது. பல அடுக்குத் துணியை இயந்திரக் கத்தி ஒரே வெட்டில் அறுக்கிறது. அதைப் பிடிப்பவர் கம்பிவலைக் கையுறை போட்டுக்கொள்கிறார். அதுவும் திறமைதான். ஆனால் அங்கே கேள்வி, இந்தத் துணியிலிருந்து எத்தனை உருப்படி என்பது. தந்தையின் மேசையில் கேள்வி, இந்த மனிதருக்கு இந்தத் துணி என்பது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் இரண்டாவது கேள்வி இல்லாமற் போய்விடாது. இறங்கிய தோள் இன்னும் இறங்கியே இருக்கிறது.

பழைய தையற்கடை சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. எடுபிடிப் பையன்களுக்கு மாதக்கணக்கில் காசில்லாமல் காஜா எடுக்கும் வேலை கொடுத்தார்கள். கொக்கி கட்டுவதும் எம்மிங் செய்வதும் பெண்களுக்கு, அதுவும் வீட்டில் வைத்து, சில்லறைக் கூலிக்கு. வெட்டு மேசைக்கு அவர்கள் வரக்கூடாது. ஏன், என் தந்தையே முக்கியமான துணிகளை இரவில் கடையின் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்டினார். பார்த்தால் கற்றுக்கொள்வார்கள், கற்றுக்கொண்டால் எதிரே கடை போடுவார்கள் என்ற பயம். எனக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஏலே, நீ புஸ்தகத்தைப் பாரு" என்பார். அறிவைப் பூட்டி வைத்தது பண்டிதர்கள் மட்டுமில்லை.

அந்தப் பூட்டை உடைத்தவர்கள் யார்? பெண்கள். இன்று சிற்றூர்களில்கூட ஒரு வீட்டு முன்னறையில் ஒரு பெண் துணி வெட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களில் பலர் யூடியூபில் வெட்டியும் காட்டுகிறார்கள். என் தந்தை கதவைச் சாத்திக்கொண்டு செய்ததை, ஊரெல்லாம் பார்க்கக் கைப்பேசியின் முன் செய்கிறார்கள். "மடிப்பு உங்க பக்கம் இருக்கணும். கழுத்து இறக்கம் குறிச்சாச்சா? இப்ப தோள்ல இருந்து கக்கத்துக்கு வளைவு போடுங்க. முன்பக்கத்துக்கு மட்டும் அரை இஞ்சு உள்ளே வாங்கிக்கோங்க." சொல்பவருக்கு மொழியியல் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் தன் இடத்தில் நிற்கிறது. ஒரு சொல் முன்பின்னானால், பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்தியின் துணி வீணாகும் என்பது அவருக்குத் தெரியும். நம் ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு பக்கம் முழுவதும் விளங்காமற் போனாலும் எவருடைய துணியும் வீணாவதில்லை. பதவி உயர்வுக்கான புள்ளி கூடுகிறது.

தமிழில் ஒரு செயலைப் பிசகில்லாமல் விளக்கும் உரைநடை வேண்டும் என்று கருத்தரங்கம் தோறும் பேசுகிறோம். அது நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்துகொண்டிருக்கிறது. நாம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

அந்தக் கவிதைத் தொகுப்பை மறுபடி வாசித்தேன். விமர்சகரின் முடிவு சரிதான். கவிதைகள் நன்றாக இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. எந்தச் சொல் நெகிழும், எது நெகிழாது என்று இழுத்துப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். ஒரே வார்ப்பில் நாற்பது கவிதைகள் வெட்டியிருக்கிறார். எவருடைய தோளையும் பார்க்கவில்லை. உள்ளே விடுதுணி இல்லை. வாசகன் கொஞ்சம் வளர்ந்தாலும் பிரிந்துவிடும். ஒரு நல்ல கட்டிங் மாஸ்டரிடம் அவர் ஆறு மாதம் நின்றிருந்தால் தேறியிருப்பார்.

அந்த மாணவி இப்போது ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. அவள் சேகரித்த சொற்கள் நானூறுக்கு மேல். நோட்டு என்னிடம் இருக்கிறது. சென்ற வாரம் அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் தாயார் இன்னும் அறுபது சொற்கள் சொல்லியிருக்கிறாராம். ஜூன் மாதம் துறைக் குழு கூடும்போது, புதிய மாணவர் ஒருவர் தொடரும்படி, அதே தலைப்பை மறுபடி வைக்கப் போகிறேன். இலக்கியம் எங்கே என்று மறுபடி கேட்பார்கள். இந்த முறை ஒருமுறை பேசிவிட்டு உட்காருவதாக இல்லை.